எந்த ஊட்டுக்கு

இப்போது என் பேரப்பிள்ளைகள் முன்னறையில் கார்ட்டூன் படம் போட்டால் நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவேன். போகுமுன் வாசலில் நின்று ஒருதரம் எட்டிப் பார்ப்பேன். படம் எத்தனையாவது கணுவில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். மிச்சக் கதையைப் பின்வளவில் இருந்தபடியே சொல்லிவிடலாம். கிழவன் ஒருவன் பொடியனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தால் நாலு. பொடியன் செத்தவனைப் போலக் கிடக்க, சுற்றி நின்று மிருகங்கள் அழுதால் எட்டு. “இவன் இப்ப எழும்புவான்” என்று சொல்லிவிட்டு நடப்பேன். “மூத்தவாப்பா, சும்மா இரிங்க” என்று பிள்ளைகள் கத்தும். அதற்குள் அவன் எழும்பியிருப்பான்.

கணு என்றது விரல் கணுவை. கையில் தஸ்பீஹ் மணி இல்லாதபோது நாங்கள் விரலில்தான் ஓதி எண்ணுவோம். பெருவிரல் எண்ணுகிற விரல். அதை விட்டால் மிச்சம் நாலு விரல், விரலுக்கு மூன்று கணு, ஒரு கைக்குப் பன்னிரண்டு. நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலம் முழுவதும் மதகு, வான்கதவு, முறைப்பாட்டுக்காரர் என்று இந்தக் கணுக்களில்தான் எண்ணினேன். எண்ணாத ஒன்றை நான் நம்புவதில்லை. இந்தச் சாகசப் படங்கள் எல்லாம் சரியாக ஒரு கைக்குள் அடங்குகின்றன. சுட்டுவிரல் அடியில் ஊர், சின்னவிரல் நுனியில் மறுபடி ஊர்.

சர்வகலாசாலையில் படிப்பிக்கிற எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார், வெளிநாட்டில் படித்தவர்கள் இதற்கு நாயகனின் பயணம் என்று பேர் வைத்து, படிப்படியாகப் பிரித்து, தடித்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார்களாம். உலகத்துக் கதை எல்லாம் இதற்குள் அடக்கமாம். கல்முனைக்குடியில் பன்பாயில் இருந்துகொண்டு, ஒரே ஒரு படத்தில், அதுவும் முடிவைப் பார்க்காமல், இதை நான் எண்ணி முடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது. புத்தகம் எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. பன்னிரண்டாவது படி எங்கள் ஊருக்குச் சரிவராது என்பதைத்தான் அந்தப் படித்தவர்கள் யாரும் எழுதவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் தங்கச்சியைக் கட்டிய மச்சான், கலியாணம் முடித்து எட்டாம் மாதமே சவூதிக்குப் போனவர், நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அங்கே அவருக்கு ஒரு பெரிய கம்பனியின் தொழிலாளர் கேம்பில் குசினி வேலை. வெங்காயம் உரித்தார். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்காமல் யாரும் கறி ஆக்க முடியாது. ஆனால் அவர் இறங்கி வந்தது வெங்காயம் உரித்த ஆளாக அல்ல, காற்றை மீட்டு வந்த ஆளாக. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் வருகிற திங்கட்கிழமை, சாய்ந்தமருதில் எங்கள் தங்கச்சியின் வீட்டில் சோறு ஆக்கி, முற்றம் கூட்டி, எல்லாரும் வாசலில் நின்றோம். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இருந்து வந்த வேன் மாவடிப்பள்ளிப் பக்கமாகத் திரும்பி, கூரையில் பெட்டிகளோடு எங்கள் தெருமுனைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே தாண்டிப் போனது. கல்முனைக்குடியில் அவருடைய உம்மாவின் வீட்டில் போய் நின்றது. பின்னேரம் ஆகுமுன் ஊரில் எல்லார் வாயிலும் ஒரே கதை: “மாப்புள இறங்கல்லியாம்.”

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பெற்ற தாயைப் பார்க்கப் போனான், அவ்வளவுதானே என்பார்கள். இங்கே வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த நாளில் இருந்து வாப்பா கல் வாங்கத் தொடங்குவார். கலியாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர் அங்கேதான் இருப்பார், அங்கேதான் மௌத்தாவார். கலியாணம் முடித்த ஒரு ஆண் வாயில் ‘ஊடு’ என்ற சொல் வந்தால் அது பெண்சாதியின் வீடு. பிறந்து வளர்ந்த வீட்டைச் சொல்லவேண்டுமென்றால் ‘உம்மாட ஊடு’ என்று சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு சொல் குறைந்தாலும் கேட்கிறவர் திருத்துவார். அப்படிப்பட்ட ஊரில், நாலு வருடம் கழித்து வந்தவன் பெட்டி படுக்கையோடு உம்மாட ஊட்டில் இறங்கினான் என்றால் அதற்குப் பேர் பாசம் இல்லை. ஒன்று தலாக்குக்கு முதல் நடக்கிற காரியம், இல்லாவிட்டால் புத்தி பிசகு.

செவ்வாய் போனது, புதன் போனது, வியாழன் போனது. சாமான் ஒன்றிரண்டு வந்தது; ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். எங்கள் வாப்பா அப்போது இல்லை, நான்தான் மூத்தவன்.

“காக்கா, தொழுதிட்டு அங்க ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாங்க.”

“கூப்பிட்டு வாறன்.”

“கூப்பிட வேணாம். ஆள் சுகமா எண்டு மட்டும் பாருங்க. கூப்பிட்டு வந்த ஆள நான் என்ன செய்யிற?”

“அப்ப வராட்டி?”

“நாளைக்குக் காலையில அவர்ட உடுப்புப் பெட்டியக் குடுத்தனுப்புவன். அலுமாரியில ஒரு தட்டு காலியாகும்.”

சொல்லிவிட்டு அவள் உலையைப் பார்க்கப் போய்விட்டாள். புருசனுடைய உடுப்பைப் பெட்டியில் போட்டு அவன் உம்மாட ஊட்டுக்கு அனுப்பினால் எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தலாக்கை விசாரிக்கிற காழியார் கேட்கிறதற்கு முன்னால் ஊருக்கு விளங்கிவிடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து ஆம்பிளைகள் இருபத்தாறு பேர் இருந்தார்கள். அறை வாசலில் திரை; திரைக்குப் பின்னால் பெண்கள், அவர்களை எண்ண முடியவில்லை. மேசையில் ஒரு டீவி, அதன் கீழே வீடியோ கெசட் போடுகிற டெக். மச்சான் கால் வரைக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். உண்மையில் அந்த வீட்டு மாப்பிள்ளை வேறு ஆள். வீடு அவருடைய இளைய தங்கச்சிக்குக் கொடுத்த வீடு. அவளைக் கட்டியவர், பசாரில் புடவைக்கடை வைத்திருக்கிற வாய் திறக்காத மனிதர், தன் சொந்த மண்டபத்தில் இடமில்லாமல் கதவோரமாகக் குந்திக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான். நல்ல நேரத்துக்கு வந்திட்டீங்க. இப்பதான் போடப்போறன்.”

“சுகமா இரிக்கீங்களா?”

“இந்தப் படத்தப் பாருங்க. பாத்தா விளங்கும், நான் ஏன் இங்க இறங்கினன் எண்டு.”

வீட்டுக்கு வராத புருசன் காரணம் சொல்லக் கொண்டுவந்தது ஒரு கார்ட்டூன் படம். உடனே திரும்பியிருப்பேன். ஆள் சுகமா என்று பார்த்தாகிவிட்டது. ஆனால் தங்கச்சி கேட்பாளே, ஏன் இறங்கவில்லை என்று. அதனால் இருந்தேன்.

தோணி வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர், வெற்றிலை வாயோடு கேட்டார்: “இது என்ன படம் மகன்? பொம்புளைகள் ஆடுற படமா?”

“அப்படியெல்லாம் இல்ல. கார்ட்டூன். எல்லாம் கையால கீறின.”

“கீறுறதுதானே கூடாதெண்டு பள்ளி லெவ்வை பயான்ல சொன்னவர்?”

“அவர் சொன்னது சுவரில மாட்டுறத. இது பெட்டிக்குள்ள இரிக்கி.”

“அப்ப சரி” என்று தோணிக்காரர் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

கேம்பில் இதை எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை என்றார் மச்சான். கணக்கில்லை என்று சொல்கிறவர்கள் எண்ணத் தெரியாதவர்கள், அல்லது எண்ண வெட்கப்படுகிறவர்கள். யன்னல்களைச் சாத்தினார்கள். படம் தொடங்கியது. பேச்சு எல்லாம் இங்கிலீசில். மச்சான் எழும்பி நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடற்கரையில் ஒரு ஊர். ஒரு பொடியன் ஆடு மேய்க்கிறான். உம்மா கிழிந்த வலை பொத்துகிறாள். பாய் விரித்த தோணிகள் எல்லாம் அசையாமல் நிற்கின்றன. காற்று இல்லை. ஒரு பூதம் உலகத்துக் காற்றை எல்லாம் பிடித்து ஒரு ஜாடிக்குள் அடைத்துவிட்டதாம்.

அது கச்சான் காலம். மேற்கில் இருந்து அனலாக அடிக்கிற அந்தக் காற்று அந்த நேரம் கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. சாத்திய யன்னல் வழியாக மணல் வந்து கழுத்தில் ஒட்டியது.

“காத்த அந்தப் பக்கம் யாரும் தேடினா இங்க வரச்சொல்லு” என்றார் தோணிக்காரர். “ஒரு மாசமா தோணி இறக்க ஏலாமக் கிடக்கன்.”

பிறகு சிறகு முறிந்த ஒரு பறவை வானத்தில் இருந்து பொடியனின் மடியில் விழுந்து, காற்றை மீட்க நீதான் போகவேண்டும் என்றது. அந்த ஊரில் தோணிக்காரர்கள் இருக்கிறார்கள், வலைக்காரர்கள் இருக்கிறார்கள், மீசை வைத்த ஆம்பிளைகள் எத்தனையோ பேர். பறவைக்கு விழக் கிடைத்தது ஆடு மேய்க்கிறவனின் மடி. எங்கள் கந்தோருக்கு வந்த முறைப்பாடுகளில் ஒன்றுகூட அப்படி வழி தவறிப் போனதில்லை. மதகு உடைந்தால் மதகுக்குப் பொறுப்பான ஆளிடம்தான் வருவார்கள்.

பொடியன் முதலில் மாட்டேன் என்றான். ஆட்டைக் கட்டவேண்டுமாம்.

“சரியான பொடியன்” என்றார் தோணிக்காரர். “இதோட முடிஞ்சா அஸர் தொழுகைக்கு நேரத்தோட போகலாம்.”

முடியவில்லை. தடியூன்றிய ஒரு கிழட்டுத் தவளை வந்தது. வழி சொன்னது, மந்திரம் சொன்னது, தத்துவம் சொன்னது.

மச்சானின் குரல் இளகியது. “கேம்பில எங்களுக்கு ஒரு மலையாளத்துக் கிழவர் இருந்தார். குசினியில பெரிய கோக்கி. வெயில்ல எப்படி நித்திர கொள்ளுற எண்டு எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். இந்தத் தவளையப் பாத்தா அவர்ட நெனப்புத்தான்.”

“தவள சாகப்போகுது” என்று யாரோ முன்னால் பார்த்தவன் சொன்னான். “உங்கட கிழவர் மௌத்தா?”

“இல்ல. லீவுல போனவர்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர் படம் காட்டவில்லை, தன்னைக் காட்டுகிறார். கல் பூதம் காவல் நிற்கிற பாலத்தைப் பொடியன் தாண்டியபோது “கட்டுநாயக்கா” என்றார். ஒரு கழுதையும் ஒரு நரியும் கூட்டாளியாகச் சேர்ந்தபோது, கேம்பில் தன் அறையில் இருந்த இரண்டு பேரின் ஊரைச் சொன்னார். அந்த இரண்டு பேரும் அங்கே இருந்திருந்தால் யார் கழுதை என்று கேட்டிருப்பார்கள். பாலைவனம் வந்தது, அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. கட்டுநாயக்காவில் நான் ஒருதரம் போயிருக்கிறேன். அங்கே கல் பூதம் இல்லை. பெட்டி நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது.

நான் பெருவிரலை நடுவிரல் நுனிக்குக் கொண்டுபோயிருந்தேன். ஊர் ஒன்று, பறவை இரண்டு, மாட்டேன் என்றது மூன்று, தவளை நாலு, பாலம் ஐந்து, கழுதையும் நரியும் சோதனைகளும் ஆறு. சோதனைகள் மூன்று. ஏன் மூன்று என்று அந்தப் படத்தை எடுத்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. இரண்டு போதாது, நாலு கூட. வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து யாருக்கும் சோதனை எண்ணி வந்ததில்லை.

குகை வாசலில் பயந்து நின்றது ஏழு. உள்ளே பூதம் அடித்த அடியில் பொடியன் விழுந்து அசையாமல் கிடந்தான். கழுதை அழுதது. திரைக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மச்சானே கண்ணைத் துடைத்தார், எத்தனை தரம் பார்த்தும். அறை வாசலில் திரைக்கு இந்தப் பக்கமாக இருந்தது அவருடைய உம்மா ஒருவர்தான். மாமி சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்ப்பார், அரிசியைப் பார்ப்பார், இரண்டையும் ஒரே முகத்தோடு.

“இவன் இப்ப எழும்புவான்” என்றேன்.

எழும்பினான். இருபத்தாறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“மச்சான் இத முன்ன பாத்திரிக்கீங்களா?”

“இல்ல. எழும்பாட்டிப் படம் முடிஞ்சிருமே. உங்கட கெசட் இன்னும் ஓடுது.”

இறக்காமத்துப் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். கந்தோர் வேலையாக அந்தக் குளத்துப் பக்கம் அடிக்கடி போயிருக்கிறேன். வேளாண்மை பழுக்கிற காலத்தில் யானை இறங்கும். பரணில் இருந்து தகரம் தட்டி, தீப்பந்தம் எறிந்து, விடிந்ததும் இறங்கி வருவார்கள். வந்தவனை யாரும் வாசலில் நின்று வரவேற்கிறதில்லை. “வந்திட்டீங்களா? மூஞ்சக் கழுவுங்க” என்பாள் பெண்சாதி. தேத்தண்ணி வரும். அவனும் யானையின் கதையை எடுக்கமாட்டான். மறுநாளும் போகவேண்டும் அல்லவா? போய் வருவதைப் பெரிய காரியமாகச் சொல்வதற்கு ஒருதரம் மட்டும் போய் வந்திருக்கவேண்டும். இந்தப் படங்களின் பொடியன்கள் எல்லாரும் ஒருதரம் போனவர்கள்.

ஒன்பதில் ஜாடி கைக்கு வந்தது. பத்தில் பூதம் துரத்தியது. பதினொன்றில் கடற்கரைக்கு வந்த பிறகு பொடியன் ஜாடியோடு தண்ணீருக்குள் விழுந்து இன்னொருதரம் சாகப் பார்த்தான். ஒரு சாவு போதாதாம். மூச்சு முட்டி அவன் ஜாடியின் மூடியைத் திருகுகிறபோது, வெளியே பெரிய சத்தம் ஒன்று கேட்டது. கச்சானில் தென்னோலை ஒன்று முறிந்து கம்பியில் விழுந்திருந்தது. டீவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

கறண்ட் இல்லை. யன்னலைத் திறந்தார்கள். வெளிச்சத்தோடு மணலும் வந்தது. சிலர் எழும்பப் பார்த்தார்கள்.

“இரிங்க, இரிங்க” என்றார் மச்சான். “முடிவுதான் முக்கியம். நான் சொல்லுறன்.” செத்த டீவிக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்தார். “ஜாடி திறந்திட்டு. காத்து வெளிய வருகுது. பாயெல்லாம் விரியுது. தோணியெல்லாம் ஓடுது. ஊரே கரையில நிக்கிது. இவன் தண்ணிக்குள்ளால எழும்பி வாறான்.”

“மறுகா?” என்று மாமி கேட்டார். கை அரிசியில்தான் இருந்தது.

“மறுகா என்ன, ஊட்டுக்குப் போறான்.”

“எந்த ஊட்டுக்கு?”

மச்சான் விரித்த கையோடு நின்றார். “எந்த ஊட்டுக்கு எண்டா? அவன்ட ஊட்டுக்கு.”

“அதத்தான் கேக்கன். அவன்ட ஊடு எது?”

“உம்மாட ஊடுதான். அவன்ட உம்மா வாசல்ல பாத்துக்கிட்டு நிக்கா. இவன் ஓடிப்போய்க் கட்டிப்புடிக்கான். அதுதான் முடிவு. போனவன் தொடங்கின இடத்துக்குத் திரும்பி வரவேணும். அதான் நானும்...”

“அவன் கலியாணம் முடிக்கல்லியா?”

“அவன் சின்னப் பொடியன் உம்மா.”

“அதச் சொல்லு” என்றார் மாமி. “முடிக்காத பொடியன். அவனுக்கு உம்மாட ஊடுதான் ஊடு. வேற எங்க போற? உனக்கு மீச நரைக்கப் போகுது.”

திரைக்குப் பின்னால் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். தோணிக்காரர் சிரிப்பை அடக்கப் போய் வெற்றிலை புரையேறி இருமினார்.

“நான் இங்க வந்தது உங்களுக்குச் சந்தோசமில்லியா உம்மா?”

“வந்தா பாத்திட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற. நீ திங்கள் வந்த. இண்டைக்கு வெள்ளி. உன்ட பெட்டியெல்லாம் இவர்ட அறைக்குள்ள” என்று கதவோரம் இருந்த மருமகனைக் காட்டினார். “பாவம் இந்த மனிசன், குசினிக்குப் பக்கத்தில பாய் போட்டுப் படுக்கார்.”

“அப்படி ஒண்டுமில்ல மாமி” என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். அன்று முழுக்க அவர் பேசியது அந்த மூன்று சொல்தான்.

“இது இப்ப எனக்கே ஊடு இல்ல மகன். உன்ட தங்கச்சிட ஊடு. நான் ஒரு ஓரத்தில இரிக்கன். இதுக்குள்ள உன்ன எங்க வெக்கிற?” மாமி சுளகை ஒருதரம் தட்டினார். “அந்தப் புள்ள நாலு நாளா உலை வெச்சி இறக்கி, வெச்சி இறக்கிக்கிட்டு இரிக்காளாம். நீ இங்க பூதம் காட்டுற.”

பாயில் இருந்தவர்கள் அஸருக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார்கள். உண்மையில் இன்னும் நேரம் இருந்தது. மச்சான் மட்டும் டீவிக்குப் பக்கத்தில் நின்றார். அத்தர் மணத்தது. நான் எழும்பி, உடுத்தியிருந்த சாரத்தைத் தட்டினேன்.

“மச்சான், அவ ஏதும் சொன்னாவா?”

“நீங்க சுகமா எண்டு பாத்திட்டு வரச் சொன்னா.”

“கூப்பிட்டு வரச் சொல்லல்லியா?”

“இல்ல.”

நாளைக் காலை உடுப்புப் பெட்டி வரும் என்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது விழும் என்று. சிறகு முறிந்த பறவை ஒன்றும் விழவில்லை. அந்தப் படத்தில் இரண்டாவது கணுவிலேயே அழைப்பு வந்துவிட்டது. வந்தும் பொடியன் மாட்டேன் என்றான். இங்கே வரவே இல்லை. மச்சான் அறைக்குள் போனார். பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன பேக்கோடு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரமும் அரைக்கைச் சேர்ட்டும் போட்டிருந்தார். “டெக் இங்க இரிக்கட்டும்” என்று தங்கச்சியின் புருசனிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். டெக் மிஞ்சியதில் அவருக்குச் சந்தோசமா, அறை கிடைத்ததில் சந்தோசமா என்று முகத்தில் தெரியவில்லை.

நடந்துதான் போனோம். கச்சான் முகத்தில் மணலை எறிந்தது. நெற்றிக்குக் கை வைத்துக்கொண்டு குனிந்து நடந்தோம். பாதி வழியில் மச்சான், “காத்து வெளிய வாற அந்த இடத்தில ஒரு பாட்டு இரிக்கி மச்சான், நீங்க கேட்டிருந்தா...” என்று தொடங்கினார். “வாய்க்குள்ள மண் போகும்” என்றேன்.

தங்கச்சியின் வீட்டுப் படலையைத் திறந்து நான் உள்ளே போனேன். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி, பேக்கைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. கலியாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியில் வந்து நின்றால் பெண்ணின் சகோதரன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போவான். எங்களுக்குத் தம்பி இல்லாததால் அவருடைய காலைக் கழுவியது மூத்தவனான நான்தான். அந்த மனிதர் இரண்டாம் தரமும் அதை எதிர்பார்த்து நிற்கிறார். வெங்காயம் உரிக்கப் போய் வந்த காலுக்கு.

நான் அசையவில்லை. என் சாரத்திலும் மணல் இருந்தது.

தங்கச்சி குசினிக்குள்ளால் செம்போடு வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். நாலு வருடத்தில் அவருக்கு முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது; அதைப் பார்த்தாள். செம்பைப் படியில் வைத்தாள்.

“கால் முழுக்க மண். கழுவிட்டு வாங்க.”

அவர் குனிந்து தன் காலைத் தானே கழுவினார். ஒரு காலைக் கழுவிவிட்டு மற்றக் காலுக்குத் தண்ணீர் போதாமல் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் செம்பை வாங்கிக்கொண்டு போய் இன்னொருதரம் நிரப்பிக் கொண்டுவந்தாள். சோறு அன்றைக்கும் ஆக்கியிருந்தாள். யன்னல் சாத்திய இருட்டில் விளக்கை ஏற்றிக்கொண்டே உள்ளே இருந்து சொன்னாள்:

“வந்தா கதவச் சாத்துங்க. காத்து.”